இந்த வருஷப் புதுசு

சிவகாசியில் புத்தாண்டு ஆடிப்பெருக்கன்றே வந்துவிடும். அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பங்களை அன்றுதான் வெளியிடுகிறார்கள். ஊர் உலகம் ஜனவரிக்கு விழித்திருக்கும்போது, இங்கே அந்த வருஷம் பழசாகி ஐந்து மாதம்.

பட்டாசுக் கடையில் போய், “இந்த வருஷம் புதுசா என்னண்ணே?” என்று கேளுங்கள். தயங்காமல் ஒரு பெட்டியை நீட்டுவார். பெட்டி புதுசுதான். உள்ளே, போன வருஷம் வேறு பெயரில் மேலே போய் வெடித்த அதே ஷாட். மருந்துக் கலவையை மாற்ற ஆய்வகம் வேண்டும், அனுமதி வேண்டும். பெயரை மாற்ற ஆப்செட் அச்சகம் போதும். அதற்குத்தான் இந்த ஊரில் பஞ்சமே இல்லையே!

1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்களே, அது புதுமை. அப்புறம் நிஜமாகவே புதுசு கேட்டது உச்ச நீதிமன்றம்தான். 2018 தீர்ப்பில் சரவெடிக்குத் தடை, பேரியத்துக்குத் தடை. புகை குறைந்த பசுமைப் பட்டாசு மட்டும் வெடிக்கலாம். நாக்பூர் நீரி நிறுவனம் கலவை சொல்லிக்கொடுத்தது.

வாணத்தில் பச்சை நிறம் தந்துகொண்டிருந்ததே அந்தப் பேரியம்தான். அதை எடுத்துவிட்டுத்தான் பசுமைப் பட்டாசு என்று பேர் வைத்திருக்கிறார்கள். பச்சைக்கு ஒன்றும் குறைவில்லை, பெட்டி மேல் முத்திரையாக அச்சாகி வருகிறது.