மலை ஏறிய போத்தல் எப்போது இறங்கும்?

கேள்வி: ‘சுராட் காபார் லாமா’ லோரிக்காரர் பழைய தாள், இரும்பு, அலுமினியம் எல்லாம் காசு கொடுத்து எடுக்கிறார். போத்தலைக் காட்டினால் மட்டும் கும்பிடு போட்டுவிட்டுப் போகிறார். கண்ணாடி என்ன பாவம் செய்தது?
– குடும்பத்தலைவி, ரிங்லெட்

பதில்: கனமாய்ப் பிறந்துவிட்டது, அவ்வளவுதான் அம்மா. மணல், சோடா சாம்பல், சுண்ணாம்புக்கல் இந்த மூன்றையும் உருக்கினால் கண்ணாடி. மூன்றுமே மலிவு என்பதால் பழைய கண்ணாடிக்கும் விலை ஏறுவதில்லை. போத்தல் வார்க்கும் உலைகளோ கீழே சமவெளியில். கோலாலம்பூருக்கே நம் கேமரன் மலையிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர். அரை லோரி போத்தலோடு தாப்பா வளைவுகளில் இறங்கினால் டீசல் காசுகூடத் தேறாது என்று அவருக்குத் தெரியும். அவர்மேல் கோபம் வேண்டாம்.

ஆனால் உலை வாசலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் அதே கண்ணாடிக்கு மாப்பிள்ளை மரியாதை. மணல் கலவையை உருக்க ஏறக்குறைய 1,500 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும்; பழைய கண்ணாடி அதைவிடச் சுலபமாக உருகும். கலவையில் 10 விழுக்காடு பழைய கண்ணாடி சேர்ந்தால் எரிசக்தியில் 2.5 முதல் 3 விழுக்காடு மிச்சம். எத்தனை முறை உருக்கினாலும் தரம் குறையாது. உலைக்குக் கண்ணாடி தேவை, மலையில் கண்ணாடி கிடக்கிறது, நடுவே நிற்பது ஒரு லோரி வாடகை. அந்த வாடகையை, போத்தலில் அடைத்து விற்று லாபம் பார்ப்பவர்கள்தான் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. குப்பை அள்ளும் தொழிலாளியின் தலையிலும் ரிங்லெட் அம்மாவின் தலையிலும் கட்டுவது நியாயமே இல்லை.

கேள்வி: என் சின்ன வயதில் தீபாவளிக்கு ஆரஞ்சு, சார்சி எல்லாம் பெட்டியோடு வரும். காலிப் போத்தலைக் கடையில் கொடுத்தால் முன்பணம் கைக்கு வரும். அந்தக் காசில் மிட்டாய் வாங்குவோம். அது ஏன் போச்சு?
– பாட்டி, தோட்ட லயம், ஹாபு

பதில்: பாட்டி, இன்று உலகம் மாநாடு போட்டுத் தேடுகிற வழியை நீங்கள் மிட்டாய் தின்றுகொண்டே நடத்திக் காட்டியிருக்கிறீர்கள்! கழுவி நிரப்பும் போத்தல் இருபது, முப்பது முறை சுற்றி வரும். நிறைந்த பெட்டியை ஏற்றி வந்த லோரி காலிப் பெட்டியோடு இறங்கும். இறக்குவதற்கென்று தனி லோரி கிடையாது. டின்னும் பிளாஸ்டிக்கும் வந்தபின் திரும்ப வாங்கும் வேலை நிறுவனங்களுக்கு இல்லாமல் போனது. வேலை ஒழிந்தது அவர்களுக்கு, குப்பை மிஞ்சியது நமக்கு.

அந்த வழி செத்துவிடவில்லை. தமிழ்நாட்டு நீலகிரியைப் பாருங்கள், நம்மைப் போலவே தேயிலை மலை. காட்டில் வீசிய மதுப் போத்தல்கள் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்று வழக்கு வந்து, சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2022 மே 15 முதல் அங்கே டாஸ்மாக் என்னும் அரசு மதுக்கடையில் போத்தலுக்கு 10 ரூபாய் கூடுதல். காலிப் போத்தலைத் திருப்பினால் அந்தப் 10 ரூபாய் திரும்பும். பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் போனது. ஒருவர் வீசினாலும் இன்னொருவர் குனிந்து எடுக்க அந்த 10 ரூபாய் போதும். கேமரன் மலையில் இதை ஏன் செய்யக்கூடாது? ஏறி இறங்க ஒருசில சாலைகளே உள்ள மலை இது. வருகிற போத்தலைக் கணக்கு வைக்க இதைவிடத் தோதான இடம் நாட்டில் எது?

கேள்வி: பிளாஸ்டிக் லேசு, ஏற்றி வர எண்ணெய் குறைவு. அப்படியென்றால் கண்ணாடிதானே காற்றைக் கெடுக்கிறது?
– படிவம் ஐந்து மாணவர், தானா ராத்தா

பதில்: ஒரே முறை குடித்துவிட்டு எறிந்தால், ஆமாம் தம்பி, கண்ணாடி தோற்கும். கனமும் உலைச் சூடும் அதன் கணக்கில் ஏறிவிடும். திரும்பத் திரும்ப நிரப்பினால் அதே கணக்கு தலைகீழாகும், அதுவும் பக்கத்திலேயே கழுவி நிரப்பினால். கண்ணாடிக்காக நான் வாதாடுவது இந்த நிபந்தனையோடுதான்.

கேள்வி: மலைக்கென்று குப்பை எரிக்கும் உலை கட்டினார்களே. அதில் போட்டால் தீர்ந்தது அல்லவா?
– கடைக்காரர், கம்போங் ராஜா

பதில்: ஒரு நாளைக்கு 40 டன் அளவுக்குக் கட்டிய சின்ன உலை ஐயா அது. கண்ணாடி எரியாது. இளகும், சாம்பலோடு ஒட்டிக் கட்டியாகும், கடைசியில் அதையும் புதைக்க வேண்டும். ஈரக் காய்கறிக் கழிவே அந்தச் சூட்டைக் குடித்துவிடும். அங்கே கண்ணாடிக்கு வேலையில்லை.

கேள்வி: பிரித்துப் போடச் சட்டம் இருக்கிறதா, இல்லை புத்திமதிதானா?
– பிரிஞ்சாங் வாசகர்

பதில்: சட்டமேதான். 2007ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டத்தின் கீழ் 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டிலேயே பிரிப்பது கட்டாயம். பகாங்கும் அதில் அடக்கம். நீலத் தொட்டி தாளுக்கு, ஆரஞ்சு பிளாஸ்டிக்குக்கும் டின்னுக்கும், பழுப்பு கண்ணாடிக்கு. போத்தலும் ஜாடியும் மட்டும் போடுங்கள். பீங்கான் கோப்பை, அடுப்புச் சூடு தாங்கும் பாத்திரம், முகம் பார்க்கும் கண்ணாடி, மின்விளக்கு எதுவும் கூடாது. ஒரு பீங்கான் துண்டு உருகாமல் புதுப் போத்தலில் கல்லாய் உட்கார்ந்தால், அந்த இடத்தில்தான் அது உடையும்.

கேள்வி: தேயிலை வெட்டும்போது செடி மூட்டில் உடைந்த போத்தல். காலணியைத் தாண்டிக் குத்திவிட்டது. படம் பிடிக்க வந்தவர்கள் போட்டதுதான்.
– தோட்டத் தொழிலாளி

பதில்: உங்கள் கேள்வியில் கேள்விக்குறியே இல்லை அக்கா. படித்துவிட்டு வெகுநேரம் எனக்குப் பதில் எழுத வரவில்லை. தேயிலை வரிசை ஒருவரின் வேலையிடம். பச்சைக் கம்பளத்தில் படம் பிடிக்க வருகிறவர்கள், நாளை காலை அதில் நடப்பது யார் என்று நினைக்க வேண்டும். அவர்கள் கையில் இருந்த போத்தலுக்கு ஒரு வெள்ளி முன்பணம் இருந்திருந்தால் அது உங்கள் காலடிக்கு வந்திருக்காது. புண்ணை மருந்தகத்தில் காட்டிவிட்டீர்களா? டெட்டனஸ் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: ஸ்ட்ராபெர்ரி ஜாம் போட்டு விற்கிறேன். பழைய ஜாடியைத் திரும்ப வாங்க ஆசை. சுத்தம் பற்றித்தான் பயம்.
– பசார் மாலாம் வியாபாரி

பதில்: ஆசையே பாதி வேலை. விளிம்பு உடைந்ததைத் தள்ளுங்கள். சோப்பு நீரில் கழுவி, நம் மலை உயரத்துக்குக் கொதிநீரில் பதினைந்து நிமிடம் வையுங்கள். மூடி மட்டும் எப்போதும் புதிது. உள்ளே இருக்கும் ரப்பர்ப் பூச்சு ஒருமுறைக்குத்தான். நம் குளிரில் சில்லிட்ட ஜாடியில் கொதிக்கும் ஜாமை ஊற்றினால் பட்டென்று விரியும், ஜாடியும் சூடாகவே இருக்கட்டும். தண்ணீரில் உரியும் பசையால் லேபிள் ஒட்டுங்கள்.

பக்கத்துக் கடைக்காரரோடும் பேசுங்கள், எல்லாருக்கும் ஒரே அளவு ஜாடி என்று. ஜெர்மனியில் பல பீர் ஆலைகள் ஒரே அச்சுப் பழுப்புப் போத்தலைப் பகிர்ந்துகொள்கின்றன. யாருடைய போத்தல் யாரிடம் வந்தாலும் கழுவி நிரப்பலாம். கேமரன் மலைக்கு ஒரு ஜாம் ஜாடி!

கேள்வி: எங்கள் லயத்தில் நாற்பது வீடு. எதில் தொடங்குவது?
– இளைஞர் மன்றம், தேயிலைத் தோட்டம்

பதில்: மூன்று டிரம்மில். வெள்ளை, பழுப்பு, பச்சை. நிறம் கலந்தால் விலை குறையும். கோயில் பக்கம், மழை படாத இடத்தில் வையுங்கள். உடைக்காமல் போடச் சொல்லுங்கள், முழுப் போத்தலைக் கழுவி நிரப்பவும் ஆள் கிடைப்பார். நிறைந்ததும், சாமான் இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும் கடை லோரியைக் கேளுங்கள். டிரம் கிடைத்ததும் எழுதுங்கள், மூன்றுக்கும் சாயம் நான் வாங்கி அனுப்புகிறேன்.