அருளும் ஆபீசும்

எங்கள் கந்தர்வக்கோட்டை தனித் தொகுதி. ஒடுக்கப்பட்டவர் இங்கே ஜெயித்துச் சட்டமன்றத்துக்குள் நுழைய ஓட்டு போதும். இந்தப் புதுக்கோட்டை மாவட்டத்தில் சில ஊர்களில் அய்யனாரைக் கும்பிட நுழைவதற்குத்தான் வேறு தகுதி வேண்டும்.

அய்யனார் வெட்டவெளிச் சாமி. கண்மாய்க்கரையில் மண்குதிரையோடு மழையும் வெயிலும் வாங்கிக்கொண்டு இருந்தவர். ஆடு வந்தாலும் நாய் வந்தாலும் எந்தத் தெரு என்று கேட்டதில்லை. அவருக்குச் சுவர் எழுப்பிக் கிரில் கேட் போட்டாயிற்று. திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி உண்டு. வரி வாங்கினால் உரிமை வந்துவிடுமே! அதனால் சில தெருக்களில் வாங்குவதில்லை. தமிழ்நாட்டில் நீட்டிய ரூபாயை வேண்டாம் என்று சொல்கிற ஒரே இடம் இதுதான். பறை மட்டும் வேண்டும். சத்தம் கருவறை வரை போகலாம். அடித்த கை வாசலோடு நிற்க வேண்டும்.

2022 டிசம்பர் 27, இறையூர். வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்ததை விசாரிக்கப் போன ஆட்சியர் கவிதா ராமு, அங்கே தலித் மக்களுக்கு அய்யனார் கோயிலும் அடைப்பு என்று கேள்விப்பட்டார். கையோடு உள்ளே அழைத்துப் போனார். உடனே ஒரு பெண்ணுக்குச் சாமி வந்தது. வந்த சாமி மழை எப்போது என்று சொன்னதா? தொட்டியில் கலந்தது யாரென்று சொன்னதா? கும்பிட வந்தவர்களைத் திட்டியது. கைது என்றதும் மலையேறியிருக்கும்.

ஆலய நுழைவுச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு 1947இல் வந்தது. புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச் 3இல் இந்தியாவோடு இணைந்தது. காலனிக்கும் ஊருக்கும் இணைப்பு விழா இன்னும் நிலுவையில்.

விழுப்புரம் மேல்பாதியில் இதே நுழைவுத் தகராறுக்காக அதிகாரிகள் 2023 ஜூன் 7இல் திரௌபதி அம்மன் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். மறித்தவன் வெளியே, அம்மன் உள்ளே ரிமாண்டு. பாவம் திரௌபதி, பன்னிரண்டு வருஷ வனவாசம், ஒரு வருஷ அஞ்ஞாதவாசம் எல்லாம் பார்த்தவள். லாக்கப் ஒன்றுதான் பாக்கி இருந்தது.

இதற்கெல்லாம் அரசாங்கம் கண்ட மருந்து அமைதிப் பேச்சுவார்த்தை. தீண்டாமையை ஒழித்த அரசியல் சாசனத்தின் 17ஆவது பிரிவை மிதித்தவனும் மிதிபட்டவனும் எதிரெதிர் நாற்காலியில். “இரு தரப்பும் விட்டுக்கொடுத்துப் போங்க” என்று ஆரம்பிப்பார்கள். எதை ஐயா விட்டுக்கொடுப்பது? ஒருவன் திமிரையும் இன்னொருவன் சாமியையுமா? கடைசியில் டீ வரும், கையெழுத்து வாங்குவார்கள், இந்த வருஷம் திருவிழாவே வேண்டாம் என்று முடிப்பார்கள். மறித்தவன் மீசையை முறுக்கிக்கொண்டு போவான்.

வரி நோட்டில் எல்லாத் தெருவையும் எழுதுங்கள். மாட்டேன் என்கிறவன் பெயரை எழுத ஸ்டேஷனில் வேறு நோட்டு இருக்கிறது.