மீசையும் மைத்துனன் கயிறும்

ஆண்மையை அவ்வப்போது ஊருக்கு நிரூபித்துக் காட்டினால்தான் அது செல்லுபடியாகும் என்ற கொள்கை தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் நடைமுறையில் இருந்தாலும், இராமநாதபுரம் மாவட்டத்து ஆணுக்கு அதில் கூடுதல் சுமை ஒன்று உண்டு. மதுரைக்குத் தெற்கே பிறந்தவன் எவனும் முறுக்கிய மீசையும் மடித்துக் கட்டிய வேட்டியும் முதுகுப்புறம் செருகிய அரிவாளுமாகத்தான் இருப்பான் என்று திரைப்படங்கள் நெடுங்காலமாகக் கற்பித்து வந்திருப்பதால், சென்னையில் வாடகைக்கு வீடு தேடும் பரமக்குடிக்காரர், கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டில்மேல் ஏறி நிற்பவராகவே இருந்தாலும், வீட்டுக்காரரின் கண்ணுக்கு முதலில் அரிவாளோடுதான் தெரிகிறார். ஒருவரை நேரில் காண்பதற்கு முன்பே அவரைப் பற்றி ஊரார் எழுதி முடித்துவிட்ட இத்தகைய குறிப்பைச் சமூகவியலார் வார்ப்புரு என்பர். இம்மாவட்டத்தின் கடற்கரையை நெருங்கிப் பார்ப்போருக்கு அந்த வார்ப்புருவில் ஒரு விரிசல் புலப்படும். ஆண்மைக்குச் சான்றாக இங்கே காட்டப்படும் ஒவ்வொன்றுக்கும் பின்னால், ஜாமீன் கையெழுத்துப் போட்டவராக, ஒரு பெண்ணோ அவளுடைய பிறந்த வீட்டாரோ நின்றுகொண்டிருக்கின்றனர்.

இதற்கு மிகப் பழைய சான்று இராமேசுவரம் கோயிலின் தலபுராணத்திலேயே கிடைக்கிறது. இராவணனை வென்று திரும்பிய இராமன் சிவபூசை செய்ய விரும்பி, லிங்கம் கொண்டுவரும் பொறுப்பை அனுமனிடம் ஒப்படைக்க, அவர் கயிலைக்குப் பறந்தார்; குறித்த வேளை நெருங்கியும் அவர் திரும்பாததால், சீதை கடற்கரை மணலைக் குவித்து லிங்கமாக்கினார், பூசையும் நடந்தேறியது. பிந்தி வந்த அனுமன் மணல் லிங்கத்தை வாலால் சுற்றி இழுத்துப் பார்த்தார். மலையைப் பெயர்த்தவருக்கு மணல் அசைந்து கொடுக்கவில்லை. அவருடைய முகவாட்டத்தைக் கண்ட இராமன், அவர் கொண்டுவந்த விசுவலிங்கத்துக்கே முதற்பூசை என்று விதித்தார். கோயிலில் இன்றளவும் அந்த முறையே பின்பற்றப்படுகிறது. சந்தைக்குப் போன கணவர் பொழுது சாய்ந்து கத்தரிக்காயோடு வந்து நிற்கும்போது, குழம்பு எப்போதோ கொதித்து இறங்கிவிட்ட செய்தியை மறைத்து, கத்தரிக்காயின் நிறத்தை முதலில் பாராட்டும் இல்லத்தரசிகள் இந்த மரபைத்தான் காத்து வருகின்றனர்.

அடுத்த சான்று கடலுக்கு அடியில் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் எடுக்க மூச்சடக்கி மூழ்கிய ஆண்களின் துணிவு, கடற்கரை வீரத்துக்கெல்லாம் தலையாயதாகப் போற்றப்பட்டது. கல்லைக் கட்டிக்கொண்டு ஒருவர் இறங்க, கயிற்றின் மறுமுனையை மேலே படகில் ஒருவர் பிடித்திருப்பார். அந்த முனையை மனைவியின் உடன்பிறந்தானான மைத்துனனிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும் என்பது குளியாளர்களிடையே வழங்கிய நியதி என்பார்கள். சொந்த அண்ணன் தம்பிக்குப் பாகப் பிரிவினையில் ஒரு கண் இருக்கலாம், மைத்துனனுக்கோ தன் அக்காள் தாலியறுக்கக் கூடாது என்ற கவலை இருக்கும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். ஆக, ஆழ்கடலில் சுறாவுக்கும் அஞ்சாதவராகக் கருதப்பட்டவர், தலைத் தீபாவளிக்கு மாமனார் வீட்டில் மைத்துனனிடம் கொஞ்சம் பணிவாகவே நடந்திருக்க வேண்டும். கயிறு இழுக்கப்படும் வேகம் அதைப் பொறுத்தது.

கரையேறிய பின்பும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. கடல் வணிகத்தால் பெயர்பெற்ற கீழக்கரையின் மரைக்காயர் குடும்பங்களில், திருமணத்துக்குப் பின் மணமகன் மனைவியின் வீட்டுக்குக் குடிபோவதும், வீட்டைப் பெண்மக்களுக்குக் கொடுப்பதும் வழிவழியாக வந்த வழக்கங்கள். மானிடவியலார் இதைத் தாயக வாழ்முறை என்று வகைப்படுத்துகின்றனர். கொழும்புக்கும் மலாயாவுக்கும் பின்னர் வளைகுடா நாடுகளுக்கும் பொருள் தேடிப் போகும் ஆண்கள் உள்ள ஊரில், திரும்பி வருபவர் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பது குழப்பமில்லாமல் இருப்பது நல்லதுதான். தமிழ்ப் படங்களின் நகைச்சுவைக் காட்சிகளில் வீட்டோடு மாப்பிள்ளை என்றால் எல்லாரும் கைகொட்டிச் சிரிக்கும் பாத்திரம். கீழக்கரையில் அந்தப் பாத்திரத்தைப் பார்த்துச் சிரிப்பவர், சிரித்து முடித்துவிட்டுத் தாமும் மனைவி வீட்டுக்குத்தான் சாப்பிடப் போக வேண்டியிருக்கும்.

மூச்சடக்கி மூழ்குவது ஆண்மை என்றால், பாம்பனுக்கு அருகே சின்னப்பாலம் முதலிய ஊர்களின் பெண்களிடம் அது தேவைக்கு மேல் கையிருப்பில் உள்ளது. கூழாக்கி உணவுப் பொருள்களைக் கெட்டிப்படுத்தப் பயன்படும் கடற்பாசியை எடுக்க, கண்ணாடி அணிந்து, விரல்களில் துணி சுற்றி, இடுப்பில் பை கட்டி இப்பெண்கள் பாறைகளுக்கிடையே முக்குளிக்கின்றனர். பாசி மீண்டும் வளர வேண்டும் என்பதற்காக மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பதெனத் தாங்களே கட்டுப்பாடும் வகுத்துக்கொண்டனர். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபின் வனத்துறையோடு எழுந்த சிக்கல்களைப் பேசித் தீர்ப்பதில் முன்னின்ற சின்னப்பாலத்து லட்சுமிக்கு, 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு தன் பரிசை வழங்கியது. சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு மூழ்குவதற்கு வீட்டு ஆண்களின் பழைய சட்டை பயன்படுவதால், இத்தொழிலில் ஆண்களின் பங்களிப்பு அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

படகிலும் ஆராய்வதற்குரிய செய்தி உண்டு. மீன்பிடிக்கப் போகும் இராமேசுவரத்து விசைப்படகில் பெண்கள் ஏறும் வழக்கமில்லை. ஆகவே உலை வைப்பதும், மீனை அரிந்து குழம்பு கூட்டுவதும், சட்டியைக் கழுவிக் கவிழ்ப்பதும் ஆண்கள் கையால் நடக்கின்றன, அந்தக் குழம்பின் சுவையைப் பற்றி அவர்கள் பெருமையாகவும் பேசுகின்றனர். கரையில் அதே ஆண்கள் வலையை மடியில் பரப்பி, ஊசியும் நூலுமாகக் கிழிசலைக் கண்ணி கண்ணியாக முடிந்து சரிசெய்கின்றனர். இந்த அருந்திறன்கள் யாவும் வீட்டு வாசற்படியைத் தாண்டியதும் மறைந்துவிடுகின்றன: உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்பது தெரியாமல் போகிறது, சட்டைப் பொத்தான் தைப்பது பெண்கள் வேலையாகிவிடுகிறது.

பாராட்டுவதில் ஊர் காட்டும் சிக்கனமும் இத்துடன் சேர்த்து எண்ணத்தக்கது. இராமநாதபுரத்துச் சேதுபதியின் மகளாகப் பிறந்து, 1772இல் காளையார்கோவிலில் கணவரை இழந்து, 1780இல் சிவகங்கையை மீட்ட வேலு நாச்சியாரைப் பற்றிப் பேசும் மேடைகளில், அவர் ஆண்பிள்ளையைப் போல வளர்க்கப்பட்டார் என்ற விளக்கம் தவறாமல் இடம்பெறும். ஆண்பிள்ளையாகவே வளர்க்கப்பட்டவர்களில் எத்தனை பேர் நாட்டை மீட்டார்கள் என்று மேடையில் எவரும் கேட்பதில்லை. துணிவு முழுவதையும் ஆண் பெயரில் பட்டா போட்டுவிட்டதால், அச்சம் முழுவதும் பெண்ணின் பங்குக்குப் போய்விட்டது. இதில் ஆணுக்கும் நட்டம்தான். 1974, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தங்களால் கடலில் கோடு விழுந்தபின், ரோந்துப் படகின் விளக்கைக் கண்டு நடுங்கிப் படகைத் திருப்பியவரும், அயல்நாட்டுச் சிறையில் இருந்து மீண்டவரும், வீட்டுக்கு வந்து "ஒண்ணுமில்ல, சோத்தப் போடு" என்று சொல்ல மட்டுமே உரிமை பெற்றிருக்கின்றனர். பயந்துவிட்டேன் என்று அவர் சொன்னால் வீட்டில் யாரும் வியப்படைய மாட்டார்கள். அவர் முகத்தைப் பார்த்தபோதே அது எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

இந்நிலையைச் சீர்செய்யப் புதுச் சட்டம் ஏதும் வேண்டியதில்லை. மீன்கள் இனம் பெருக்குவதற்காக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரையில் தடைக்காலம் நடைமுறையில் உள்ளது. அதே அறிவிப்பில் ஒரு வரி சேர்த்து, அந்த நாள்களில் மீசை முறுக்குதல், "நான் ஆம்பளை" என்று தொடங்கும் வாக்கியங்கள், வழி தெரியாமலே முன்னே நடத்தல் ஆகியவற்றையும் நிறுத்தி வைக்கலாம். நாட்டுப்படகுகளுக்கு உள்ள விலக்கைப் போல, தெருமுனைத் தேநீர்க் கடையளவில் சிறுதொழிலாக வீம்பு பேசுவோரை விட்டுவிடலாம். மீனவர் குடும்பங்களுக்கு வழங்கப்படும் தடைக்கால நிவாரணத்தை இதற்கும் விரிவாக்க வேண்டுமா என்ற கேள்வி எழக்கூடும். வீம்புத் தொழிலால் இதுவரை எந்த வீட்டிலும் உலை கொதித்ததில்லை ஆதலால், அரசின் கருவூலத்துக்குக் கூடுதல் செலவு எதுவும் வராது.