மூன்றே நாளில் நூறு வயது!

தாத்தா காலத்துத் தேக்கு மேசைக்குப் பெயின்ட் அடிக்கலாமா?
*ஒரு பேரன், தாம்பரம்*

தாத்தா வந்து கேட்க மாட்டார் என்ற தைரியமா? தேக்குக்கும் ஈட்டிக்கும் பாலிஷ் போதும். அதன் மேல் பெயின்ட் அடிப்பது பட்டுப்புடவைக்கு மேல் நைட்டி மாட்டுவது மாதிரி. மாமரம், ரப்பர் மரம், பிளைவுட் என்றால் தாராளமாக அடியுங்கள், அவை கோபித்துக்கொள்ளாது.

பழைய பெயின்டைச் சுரண்ட உப்புத்தாள் போதுமா?
*ஓர் இல்லத்தரசி, கும்பகோணம்*

இந்தப் பதிலில் மட்டும் நக்கல் கிடையாது. வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கலாம். காய்ந்தபடி தேய்த்தால் அந்தத் தூசி வீடெங்கும் பறக்கும். வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், ஈரத்துணியால் துடையுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வர வேண்டாம்.

ஈட்டி மர முக்காலிக்கு வெள்ளை அடித்தேன். இரண்டே நாளில் செம்பழுப்புக் கறை. மூன்று கோட்டிங் போட்டும் போகவில்லையே?
*அவசரக்காரர், சேலம்*

முப்பது போட்டாலும் போகாது. மரத்தின் சாயம் தண்ணீர்ப் பெயின்டில் கரைந்து மேலே ஏறுகிறது. நடுவில் ஒரு கோட்டிங் அரக்கு அடித்துத் தடுங்கள். கடையில் மெழுகு நீக்கிய ஷெல்லாக் என்று கேளுங்கள். அதில் ஸ்பிரிட் இருப்பதால் அடுப்படியில் வைத்து அடிக்க வேண்டாம். அரக்கும் நெருப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பாண்டவர்களுக்குத் தெரியும்.

புதுப் பெயின்டைப் பழசாக்குவது எப்படி?
*கல்லூரி மாணவி, மதுரை*

முதலில் கரும்பழுப்பு அடித்துக் காயவிடுங்கள். விளிம்பு, கைப்பிடி, கால் நுனிகளில் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். மேலே வெளிர் நிறம் அடித்து, காய்ந்ததும் 220 நம்பர் உப்புத்தாளால் லேசாக உரசினால், மெழுகுபட்ட இடத்தில் பெயின்ட் உதிர்ந்து அடிநிறம் எட்டிப்பார்க்கும். கையும் காலும் படுகிற இடம்தான் தேயும் என்பதை மறக்காதீர்கள். நாற்காலி முதுகின் பின்பக்க நடுவில் தேய்த்து வைத்தால், இங்கே எருமை கட்டியிருந்தார்களா என்று கேட்பார்கள்.

மரப்பசை தடவினால் பெயின்ட் பழசு போல வெடிக்குமாமே? ஒட்ட வேண்டிய பசை பிளக்குமா?
*சந்தேகி, திருநெல்வேலி*

தேர்தல் கூட்டணி பார்த்ததே இல்லையா? முதல் நிறம் காய்ந்த பின் வெள்ளைப் பசையை மெலிதாகப் பூசுங்கள். அது பிசுபிசுக்கும்போதே தண்ணீர்ப் பெயின்டை ஒரே இழுப்பாக அடியுங்கள். மேலே இருப்பது சீக்கிரம் காய்ந்து சுருங்கும். கீழே இருப்பது வழுக்கும். அதனால் வெடிப்பு. அடித்த இடத்தில் திரும்பப் பிரஷ் வைத்தால் எல்லாம் குழம்பிவிடும்.

இப்படிச் செய்ததை ‘ஆன்டிக்’ என்று விற்கலாமா?
*வியாபாரி, காரைக்குடி*

1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி இத்தகைய பொருளுக்குக் குறைந்தது 100 வயதாக வேண்டும். உங்கள் பூச்சுக்கு மூன்று நாள். விவரம் தெரிந்தவர் மேற்பரப்பைப் பார்க்கவே மாட்டார். இழுப்பறையை உருவிக் கவிழ்த்து அடிப்பலகையைத்தான் பார்ப்பார். ‘பழைய மேசை, புதுப் பூச்சு’ என்று உள்ளதைச் சொல்லி விலை வையுங்கள். ஆன்டிக்காகவே விற்க வேண்டுமென்றால் பத்திரமாக வைத்திருந்து பேரனிடம் கொடுங்கள். பெயின்ட் மட்டும் அடித்துவிட வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள்.