கள்ளநோட்டும் கறுப்புக் கண்ணாடியும்

கேள்வி: அமெரிக்க ஜனாதிபதியைச் சுற்றிக் கறுப்புக் கண்ணாடியோடு நிற்கும் சீக்ரெட் சர்வீஸ்காரர்களுக்கு வேறு வேலையே கிடையாதா?

பதில்: உண்டு. சொல்லப்போனால் அதுதான் மூத்த வேலை: கள்ளநோட்டுப் பிடிப்பது! உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு 1865-இல் நிதித்துறையின் கீழ் இவர்களை நியமித்ததே அதற்காகத்தான். அன்று புழங்கிய நோட்டுகளில் மூன்றில் ஒரு பங்கு போலி என்று ஒரு மதிப்பீடு. ஜனாதிபதிக்குக் காவல் போடுவது இவர்கள் வேலைப் பட்டியலிலேயே இல்லை. லிங்கன், கார்ஃபீல்டு, மெக்கின்லி என்று 36 ஆண்டுகளில் மூன்று பேரைச் சுட்டுக்கொல்லக் கொடுத்த பிறகுதான், 1901-க்கு மேல், அந்தப் பொறுப்பும் இவர்கள் தலையில் விழுந்தது. டாலருக்குக் கிடைத்த காவல் ஜனாதிபதிக்குக் கிடைக்க அத்தனை காலம்! 2003-இல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கு மாற்றினார்கள். கள்ளநோட்டு வேலையும் பெட்டி படுக்கையோடு கூடவே போனது.

அங்கே எந்த இலாகா யாரைப் பிடிக்கும் என்று ஜோசியம் சொல்ல முடியாது. சிகாகோவை ஆட்டிப்படைத்த அல் கபோனுக்கு 1931-இல் 11 ஆண்டு தண்டனை கிடைத்தது கொலைக்காக அல்ல, வரி ஏய்ப்புக்காக. மடக்கியவர்கள் வருமான வரிக்காரர்கள். நம்மூர் ஆடிட்டர்கள் கவனிக்க!