தலைக்கு இருநூறு

ஆம்பூரில் தைத்த ஷூ ஐரோப்பாவுக்குள் நுழைய வேண்டுமானால், கிலோ தோலில் குரோமியம்-6 மூன்று மில்லிகிராமைத் தொடக் கூடாது. 2015 மே மாதத்திலிருந்து அங்கே சட்டம். லேபுக்கு அனுப்பி, சான்று வாங்கி, கண்டெய்னருக்கு சீல் வைத்து அனுப்புகிறோம். ஐரோப்பியப் பாதம் அரித்துவிடக் கூடாது பாருங்கள்.

அதைத் தைத்த பெண்களைப் பேரணாம்பட்டுக்கும் குடியாத்தத்துக்கும் ஏற்றிப் போகிற வேன்களில் ஒன்றைக் கிட்டப்போய்ப் பாருங்கள். தள்ளுகதவின் கொக்கி தேய்ந்து, கைப்பிடியில் நைலான் கயிறு. முடிச்சு வெளிப்பக்கம். அவிழ்க்க டிரைவர்தான் இறங்கி வரவேண்டும், அவர் பிழைத்திருந்தால்.

டெல்லியில் விதி இல்லாமலா? கேட்டால் மெய்சிலிர்க்கும். கார் மோதல் சோதனைக்கான ஏஐஎஸ்-098 தரவிதி சொல்கிறது: கார் 56 கிலோமீட்டர் வேகத்தில் முட்டும்போது கதவு திறந்துகொள்ளக் கூடாது, முன்கதவு தானாகப் பூட்டிக்கொள்ளவும் கூடாது, முட்டிய பிறகு, கருவி எதுவும் இல்லாமல் வரிசைக்கு ஒரு கதவாவது திறக்க வேண்டும். பவர் போனாலும் சென்ட்ரல் லாக்கைக் கையால் திறக்க வழி வேண்டும் என்று 2019 ஜூலையில் இன்னொரு விதி. 2023 அக்டோபரில் பாரத் என்கேப் என்ற மோதல் சோதனைத் திட்டம் வந்து நட்சத்திரமும் குத்துகிறது. அதுவும் கட்டாயமில்லை, விருப்பப்பட்ட கம்பெனி காரை அனுப்பலாம். டிரைவர் தவிர எட்டுப் பேருக்கு மேல் உட்காரும் வண்டிக்கு அங்கே வேலையே இல்லை. எட்டைத் தாண்டினால் உயிர் மொத்த விலைக்கு வந்துவிடும் போலிருக்கிறது.

சில்லறை விலையும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 194ஏ: கூடுதலாக ஏற்றும் ஆள் ஒன்றுக்கு அபராதம் 200 ரூபாய். காரில் சீட் பெல்ட் போடாதவருக்கு 1,000. ஐந்து பெண்களைத் திணித்தால்தான் ஒரு பெல்ட்டுக்குச் சமம். கணக்கில் புலிகள் எழுதிய சட்டம்!

சென்னை–பெங்களூரு சாலையில் நாளைக்கே ஏதாவது ஆகட்டும். வேன் கான்ட்ராக்டருடையது என்பார் முதலாளி. தகுதிச் சான்று, அதாவது எஃப்சி, இருக்கிறதே என்பார் கான்ட்ராக்டர். எஃப்சிக்கு வந்த அன்று கயிறு இல்லையே என்பார் அதிகாரி. அமைச்சர் இரங்கல் தெரிவிப்பார், காசோலையோடு, கேமராவோடு. கைகழுவிய மூன்று பேரையும் நிற்கவைத்து, அந்தக் கதவை உள்ளேயிருந்து திறந்து காட்டுங்கள் என்று கேட்க ஒரு நாதி கிடையாது.

பையர் ஆடிட் வரும் நாளில் ஃபேக்டரியைப் பார்க்க வேண்டும்! அவசர வழியில் ஓர் அட்டைப்பெட்டி கிடக்காது. வாசலின் அகலத்தை டேப் பிடித்து அளக்கிறார்கள் துரைமார்கள். கேட்டுக்கு வெளியே நிற்கிற வேன்வரைக்கும் எவருடைய டேப்பும் இன்னும் நீளவில்லை.