சாமி இல்லாத வாசல்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், பூக்கடை ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், அங்கே நிற்கும் கல் தோரண வாயிலைக் கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இது எந்தக் கோயில் வாசல்? உள்ளே சாமியக் காணோமே?"

"சாமி இல்லீங்கய்யா. நம்ம பண்பாடாம்."

"ஓ" என்றார்.

2010 அக்டோபரில் அன்றைய இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் மலேசியப் பிரதமர் நஜிப்பும் இந்தத் தெருவை 'லிட்டில் இந்தியா' என்று திறந்துவைத்தார்கள். வண்ண வளைவுகள் வந்தன, யானை பொம்மைகளோடு நீரூற்று வந்தது. அதோடு விட்டிருக்கலாம். இந்திய அரசின் அன்பளிப்பாக இந்தத் தோரணமும் எழும்பியது. 2015 நவம்பரில் மோடியும் நஜிப்பும் திறந்துவைத்தார்கள். சாஞ்சி ஸ்தூபியின் வாயிலைப் பார்த்துச் செய்தது. சாஞ்சி இருப்பது மத்தியப் பிரதேசத்தில், போபாலுக்குப் பக்கம். சிற்பத்தைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் நாகப்பட்டினத்தில் கப்பலேறியவரின் பேரனையும் யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்தவரின் பேத்தியையும் கூப்பிட்டு, "இந்தா, உன் பாட்டன் வீட்டு வாசல்" என்று புத்தர் வாசலைக் காட்டுவதற்குத் தனி நெஞ்சழுத்தம் வேண்டும். சிங்களவர்களின் மகா விகாரை 1894 முதல் இதே பேட்டையில்தான் இருக்கிறது. அங்கே கொண்டுபோய் வைத்திருந்தால் பொருத்தமாவது இருந்திருக்கும்.

டில்லியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே இந்தியா. புத்ராஜெயாவிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே ஓட்டு. நடுவில் கிடக்கும் தமிழனுக்குக் கல்லில் ஒரு பொன்னாடை.

இந்தப் பேட்டையின் பேரிலேயே மரபு இருக்கிறது: பிரிக் என்றால் செங்கல். 1881இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து கோலாலம்பூரின் அத்தாப்பு ஓலைக் குடிசைகளை வாரிக்கொண்டு போனபின், இனி செங்கல்லில் கட்டுங்கள் என்றார் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஸ்வெட்டன்ஹாம். சீனர் தலைவர் யாப் குவான் செங் இங்கே சூளை போட்டார். பிறகு ரயில் வந்தது. தண்டவாளம் போட்டவனும், பெட்டி கழுவியவனும், டிக்கெட் கிழித்தவனும் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியேறினார்கள். அந்த ரயில் முற்றத்தின் மேல்தான் 2001இல் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் எழுந்தது. 'நூறு குவார்ட்டர்ஸ்' என்று ஊரே சொன்ன வரிசை வீடுகளையும் இடித்தாயிற்று. வீட்டை இடிப்பதற்கு வளர்ச்சி என்று பெயர், வாசலை மட்டும் நட்டுவைப்பதற்கு மரபு என்று பெயர். அகராதியை யார் அச்சடிக்கிறார்களோ!

இதே பேட்டையில் இருக்கும் விவேகானந்தர் ஆசிரமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு வயது தாண்டிய கட்டடம். 2014இல் அந்த வளாகத்தில் 23 மாடி அடுக்ககம் கட்டத் திட்டம் வந்தது. அதை எதிர்த்துக் கையெழுத்து வாங்கியவர்கள், பதாகை பிடித்தவர்கள், வெயிலில் நின்று கத்தியவர்கள் எல்லாம் சாதாரண ஜனங்கள். 2016இல்தான் அது மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதாவது இருக்கிற மரபைக் காப்பாற்ற நாம் தொண்டை கிழியக் கத்த வேண்டும். இல்லாத மரபு மட்டும் கேட்காமலே வந்து இறங்கும், ரிப்பன் வெட்ட இரண்டு பிரதமர்களோடு.

இந்தச் சாலைக்குத் துன் சம்பந்தன் பெயர். வெள்ளைக்காரன் ரப்பர்த் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கிளம்பியபோது, தொழிலாளியிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, 1960இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கித் தோட்டங்களையே வாங்கியவர் அவர். லயத்து வீட்டில் இருந்தவன் போட்ட பத்து வெள்ளியில் காலுக்கடியில் மண் கிடைத்தது. அவர் பெயர் தாங்கிய சாலைக்கு நாம் வாங்கியிருப்பது தோரணம். இதற்குக் கைதட்டச் சொல்லி நம் தலைவர்களே முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். கைதட்டாதவனை நன்றி கெட்டவன் என்பார்கள். சொல்லட்டும்.

பெரியவர் இன்னும் அங்கேயேதான் நின்றார். தன் குவார்ட்டர்ஸ் இருந்த பக்கம் எது என்று கையை நீட்டிக் காட்டினார். அங்கே ஒரு கோபுரக் கட்டடத்தின் கண்ணாடி மின்னியது. அந்த நேரத்தில் சுற்றுலாப் பயணிகள் நாலு பேர் வந்து தோரணத்தைப் படமெடுக்க நின்றார்கள். குறுக்கே நிற்கிறார் என்று கையால் சைகை காட்டி, கொஞ்சம் நகரச் சொன்னார்கள்.

அவர் மறுபேச்சில்லாமல் நகர்ந்தார். பிரிக்பீல்ட்ஸில் அவருக்கு அது பழக்கம்தான்.